மாமாவின் பட்டுப்புழுக்கள் தின்ற விதம்

என் குசினிச் சுவரில், அடுப்புக்கு எதிரே, அரிசி புடைக்கிற ஒரு பழைய சுளகு தொங்குகிறது. விளிம்புப் பிரம்பு விட்டுப்போன இடத்தை நைலோன் நூலால் கட்டியிருக்கிறேன். நடுவிலே பச்சையும் மண்ணிறமும் கலந்து ஒரு கறை. சவர்க்காரம் போட்டு உரஞ்சிப் பார்த்தேன், தேசிக்காயால் தேய்த்துப் பார்த்தேன், நாள்கணக்காக வெயிலில் போட்டும் பார்த்தேன். போகவில்லை. பார்க்கிறவர்கள் முருங்கையிலைச் சாறு பட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பட்டுப்புழுக்களின் கறை. ஆனால் அதைப் பார்க்கும்போது எனக்குப் புழுக்களின் ஞாபகம் வருவதில்லை, மாமாவின் ஞாபகம்தான் வருகிறது. புழுக்கள் பாவம், அவற்றுக்குக் கடவுள் கொடுத்த புத்தி அவ்வளவுதான். மாமாவுக்கு அப்படி ஒரு சாட்டுச் சொல்ல ஏலாது.

மாமி என் அப்பாவின் தங்கை. நான் கிளிவெட்டியில் பிறந்து வளர்ந்தவள். திருகோணமலை ரவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க முதல் நியமனம் கிடைத்தபோது, "ஒவ்வொரு நாளும் பஸ்ஸில கிடந்து சாகாதை, என்னோட வந்து இரு" என்று கூப்பிட்டவர் அவர்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஒழுங்கையில் வீடு. கப்பல் ஊதினால் குசினி யன்னல் அதிரும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு அவருக்கு வளர்ப்பு என்கிற நோய் வருத்தம் பிடித்தது. முதலில் காடை வளர்த்தார், பிறகு காளான், பிறகு கண்ணாடித் தொட்டியில் மீன். தொடங்குவது மாமா, ஊரெல்லாம் சொல்லித் திரிவது மாமா, விடிய எழும்பிக் கூடு கழுவுவது மாமி. காடைகளைப் பூனை தின்றது, காளானில் வேறு பூஞ்சணம் பிடித்தது, மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஒவ்வொரு தடவையும் குற்றவாளி மாமிதான். "நான் சொன்ன மாதிரி இவ செய்யேல்லை" என்று மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முறைப்பாடு வைப்பார். மாமி தேநீர்க் கோப்பையை அவர்களின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

அந்த வருஷம் மாரி மழை விட்டதும் மாமா கண்டிப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்வந்தார். அங்கே பழைய கூட்டாளி ஒருவர் கொடுத்தாராம் என்று ஒரு கடதாசித் துண்டை மடியில் வைத்துக் கைக்குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார். கசகசாவைத் தூவி ஒட்டிய மாதிரி அதில் முட்டைகள். பின்வளவில் ஏற்கனவே ஒரு மல்பெரி மரம் நின்றது, மாமி பழத்துக்காக நட்டது. அது போதும் என்று கூட்டாளி சொன்னாராம். "பட்டு! எங்கட வீட்டில பட்டு!" என்று மாமா கூத்தாடினார். அந்த மனுஷன் மாமிக்கு ஒரு பட்டுச்சேலை வாங்கிக் கொடுத்ததாக எங்கள் பரம்பரையிலேயே ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. முட்டை பொரித்துப் புழு வந்த அன்று குசினிக்குள் வந்து, மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைப் பிடித்து இழுத்து, அரிசியைப் பழைய பேப்பரின் மேல் கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார். கேட்டு எடுக்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பிறகு வந்தன சட்டங்கள். பட்டுப்புழுவுக்கு மணம் ஆகாதாம், புகை ஆகவே ஆகாதாம். மீன் பொரிக்கப்படாது, மிளகாய் வறுக்கப்படாது, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி கூடாது. நுளம்பு கடிக்காமல் கொளுத்தும் நுளம்புத்திரி என்ற பேச்சே எடுக்கப்படாது, அந்தப் புகை பட்டால் ஒரு சுளகுப் புழுவும் துடித்துச் செத்துப்போகும். துறைமுகத்துக்கு அருகே இருந்துகொண்டு, துள்ளத் துள்ள மீன் வாசற்படலைக்கு வர, நாங்கள் அவித்த மீனும் சொதியும் தின்றோம். நான் பவுடர் பூசிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டால் மாமா கதிரையிலிருந்தபடியே கையைக் காட்டி மறிப்பார்: "பிள்ளை, அந்த அறைப் பக்கத்தால போகாதேங்கோ." மாமியின் அறையிலிருந்த மேசை ஃபான் புழு அறைக்குப் போனது. யன்னலுக்கு ஈரச் சாக்குத் தொங்கியது. மாமாவின் அப்பா அம்மா சாகக் கிடந்தபோதுகூட அவர் இவ்வளவு பணிவிடை செய்திருக்கமாட்டார்.

புழு எப்படித் தின்னும் என்பதில் மாமாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இதை நான் நக்கலுக்குச் சொல்லவில்லை. காலையில் கதிரையை இழுத்துச் சுளகுக்கு முன்னே போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார். மயிர் போலக் கறுப்பாக இருக்கும் குஞ்சுப் புழு இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டிச் சுரண்டித் தின்னும், இலை சல்லடையாகும். வளர்ந்த புழு அப்படியில்லை. முன்கால்களால் இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தலையை மேலிருந்து கீழே ஒரு வளைவாகக் கொண்டுவந்து கடிக்கும். கீழே வந்ததும் தலையைத் திரும்ப மேலே கொண்டுபோய் அங்கிருந்து மறுபடி இறங்கும். தடித்த நரம்பை மட்டும் மிச்சம் விடும். "பாத்தீங்களே பிள்ளை, ஓரத்திலதான் தொடங்கும். நடுவில வாய் வைக்காது. ஒழுங்கான சாப்பாட்டுக்காரன்" என்பார். எல்லாம் சேர்ந்து தின்னும்போது கேட்கும் சத்தம் கிடுகுக் கூரையில் மழை பெய்வது போல இருக்கும் என்று வருகிறவர்களைக் காதைக் கொடுக்கச் சொல்வார். அவர்களும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள். எனக்கு மழையெல்லாம் கேட்கவில்லை. மாமா முறுக்குத் தின்கிற சத்தம்தான் கேட்டது. ஒரே வித்தியாசம், புழுக்கள் வாய் மூடாமல் கதைக்கவில்லை.

விஞ்ஞானம் படித்தவள் என்பதால் எனக்கும் முதலில் ஆசையாகத்தான் இருந்தது. சில நாளிலேயே வெறுத்துவிட்டது. பட்டுப்புழுவைப் போல ஒரு சோம்பேறிச் சீவனை நான் கண்டதில்லை. பசியில் செத்தாலும் ஒரு சாண் தள்ளிக் கிடக்கும் இலையைத் தேடிப் போகாது. தலையைத் தூக்கிக்கொண்டு, இலை தன் மேல் வந்து விழும்வரை காத்திருக்கும். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக ஊட்டி ஊட்டிக் கெடுத்துவைத்த பிறவி. மாமாவும் சாப்பாட்டு மேசையில் அப்படித்தான் இருப்பார். தண்ணீர்ப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அவர் தலையைத் தூக்கிக் குசினிப் பக்கம் பார்ப்பார். மாமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து வார்த்துக் கொடுக்கவேண்டும். புழுக்களிலும் கவனிப்பதுதான் மாமா, ஊட்டுவது மாமிதான். இலை பிடுங்குவது, ஈரம் இல்லாமல் ஒவ்வொரு இலையாகத் துடைப்பது, சின்னதுகளுக்கு அரிந்து போடுவது, எச்சம் அள்ளுவது எல்லாம் அவர் தலையில்.

ஒருநாள் மாமா தன் புழுக்களைப் பார்க்க வந்த ஆளை வழியனுப்பிவிட்டுப் படலையைத் திறந்தபடி விட்டுவிட்டார். எங்கள் ரவுனில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரியும். இரண்டு மூன்று மான் உள்ளே வந்து மல்பெரியின் கீழ்க்கொப்புகளை மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டன. மாமா படியில் குந்தியிருந்து அழுதார். சத்தியமாக அழுதார், மூக்கைச் சிந்திக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். "என்ர பிள்ளையளுக்கு இனி நான் என்னத்தைக் குடுப்பன்?" என்றார்.  மாமி குடையை எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில், பின்தெருவில் யார் வீட்டிலோ ஒரு மல்பெரி நிற்கிறது என்று இலை கேட்கப் போனார்.

எறும்பு ஏறாமலிருக்க மாமா மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் நிறுத்தியிருந்தார். அது சரியான வேலைதான். ஆனால் அந்தத் தண்ணீரை மாற்றவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒருநாள் குனிந்து பார்த்தேன், நான்கு கிண்ணத்திலும் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன.

"மாமா, இதுக்குள்ள குடம்பி கிடக்கு. டெங்கு வரும். ஊத்திப்போட்டு வேற தண்ணி விடுவம்" என்றேன்.

மாமா பூதக்கண்ணாடியைக் கிண்ணத்துக்கு மேல் பிடித்து ஆசையோடு பார்த்தார். "எறும்பு ஏறேல்லைத்தானே? பிறகென்ன? மேசையை ஆட்டினால் அதுகள் குழம்பும். மூண்டாம் தூக்கத்தில கிடக்குதுகள்" என்றார். தோல் கழற்றுவதற்கு முன் புழு தின்னாமல் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும், அதைத்தான் தூக்கம் என்பார்கள். அதற்காக வீடே மூச்சுவிடாமல் நடந்தது. அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து நான் ஒரு கோப்பையால் ஒரு கிண்ணத்துத் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிவிட்டேன். வந்து கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து அறைக்குப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். மாமி இலை கொண்டுவந்தால் மட்டும் கதவு திறக்கும். சுகாதாரக்காரருக்குச் சொல்லப்போகிறேன் என்றேன். மாமிதான் என் கையைப் பிடித்தார்: "விடு பிள்ளை. இன்னும் கொஞ்ச நாளில கூடு கட்டியிடும்."

நான் சொல்லப்போகாமலே அவர்கள் வந்தார்கள். ஒழுங்கையில் இரண்டு வீட்டில் டெங்குக் காய்ச்சல் என்று தெரிந்து, ஒரு சனிக்கிழமை, புகை அடிக்கிற இயந்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். மாமா ஓடிப்போய்ப் படலையை மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, எங்கட வீட்டுக்கு வேண்டாம். கைப்பிள்ளை இருக்கு. தொய்வுக்காரப் பிள்ளை, புகை பட்டால் இழுக்கும்."

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ ஐயா. கனநேரம் எடுக்காது."

"ஏலாது. இப்பதான் நித்திரையாக்கினது."

அந்தப் பெடியன் எட்டிப் பார்த்தான். வாசலில், மடி நிறைய மல்பெரி இலையோடு மாமி நின்றார். அவரையே பிள்ளையின் அம்மம்மாவென்று நினைத்திருப்பான். தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். மாமி ஒரு காலத்தில் பிள்ளைக்காக வைக்காத நேத்தியில்லை, போகாத கோயிலில்லை. அது மாமாவுக்குத் தெரியாததா? அந்த வாயால், அந்த வாசலில், மாமியின் காது கேட்க அப்படி ஒரு பொய்!  "இதென்ன மாமா கதை? ஆரின்ர பிள்ளை?" என்று கேட்டேன். "உள்ள கிடக்கிறதுகள் பிள்ளையள் இல்லாமல் என்ன?" என்று சிரித்தார். தன் கெட்டித்தனத்தை நான் மெச்சவேண்டும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. மாமி அறைக்குள் போய் இலையைப் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த கிழமை மாமிக்குக் காய்ச்சல் வந்தது. "தடிமன் காய்ச்சல். மல்லி அவிச்சுக் குடியும்" என்றார் மாமா. புழுக்கள் அப்போது நாலாம் தூக்கம் முடிந்து கடைசி வயசுக்கு வந்திருந்தன. அதுதான் அவை பேய்த்தீனி தின்னும் காலம். போட்ட இலை போட்டபடி மறையும், தலைகள் திரும்பவும் தூக்கிக்கொண்டு நிற்கும். மாமி காய்ச்சலோடு கொப்பை வளைத்து வளைத்து இலை பிடுங்கினார். நான் பிடுங்குகிறேன் என்றால், பள்ளிக்கூடத்துக்குப் பிந்துது, போ என்பார். திரும்பி வந்து பார்த்தால் சோற்றுப் பானையில் மாமியின் பங்கு அப்படியே இருக்கும். மருந்தெடுக்கப் போவோம் என்றால் நாளைக்குப் போகலாம் என்பார். அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு நாளை இருந்ததே இல்லை.

ஒருநாள் மத்தியானம் மாமா மேசையில் இருந்து, வாய் நிறையச் சோற்றோடு கவலைப்பட்டார். "ரெண்டு புழு காலமை தொடக்கம் தின்னேல்லை, பிள்ளை. தலையைத் தூக்கி வைச்சிருந்தால் தூக்கம், தொங்கப் போட்டிருந்தால் வருத்தம். இதுகள் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்குதுகள்."

"மாமி முந்தநாள் தொடக்கம் தின்னேல்லை, மாமா" என்றேன்.

"அது வாய்க்கசப்பு" என்றார். சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கிக் குசினிப் பக்கம் பார்த்தார். தண்ணீர் வேண்டுமாம்.

நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். மாமி சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். தலை தொங்கிப்போய் இருந்தது. பிடித்து எழுப்பி வாய் கொப்பளிக்க வைத்தேன், தண்ணீர் சிவப்பாக விழுந்தது. பல்முரசிலிருந்து இரத்தம். அதற்குப் பிறகு நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டோ பிடித்து, தூக்கி ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமா படலைவரை வந்து, "சாயங்கால இலையை ஆர் போடுறது?" என்று கேட்டது இப்போதும் என் காதுக்குள் நிற்கிறது.

டெங்குதான். இன்னும் பிந்தியிருந்தால் ஆளைப் பார்த்திருக்கமாட்டீர்கள் என்று டொக்டர் என்னைத்தான் ஏசினார். மாமியைச் சேலைன் ஏற்றி நுளம்பு வலைக்குள் படுக்கவைத்தார்கள். ஒவ்வொரு நாளும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. மாமி பிழைப்பாரா என்று அப்பா கிளிவெட்டியிலிருந்து போன் எடுத்துக் கேட்க, என்னால் ஓம் என்று சொல்ல முடியவில்லை. இந்த நேரத்தில் மாமா ஒரே ஒரு தடவை வந்தார். ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே, ஒரு மரத்தின் கீழ் நின்றுகொண்டு எனக்கு ஆளனுப்பினார்.

"உள்ள வாங்கோ மாமா. உங்களைத்தான் கேக்கிறா."

"உள்ள வந்தால் மருந்து மணம் உடுப்பில பிடிச்சிடும், பிள்ளை. கடைசி வயசு. இப்பதான் கவனம் வேணும்." பிறகு கேட்டார்: "எப்ப விடுவினமாம்? இலை பிடுங்க ஆளில்லை."

"அவ செத்தால், செத்தவீட்டுக்காவது உள்ள வருவீங்களோ?" என்று கேட்டேன். பெரியவர் என்றும் பார்க்கவில்லை.  "சும்மா அபசகுனமாக் கதையாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, வெயில் ஏறுகிறது, இலை வாடிவிடும் என்று போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் துப்பினால் தெருவில் போகிறவர்கள் மீது படும் என்றுதான் துப்பாமல் விட்டேன்.

வார்டுக்குள் வந்ததும் மாமி கேட்டார்: "வந்தவரோ?"

"ஓம். வாசலில நிண்டவர்."

"ஏன் உள்ள வரேல்லை?"

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். மாமி வலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். சிரிக்க உதடு வெடித்தது. "மணம் ஆகாதோ?" என்றார். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நாள் பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. மருந்துதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பையும் சேர்த்தே நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்று ஓட்டோவில் வரும்போது, சந்திக் கடையில் நிறுத்தச் சொல்லி மாமி ஒரு பெட்டி நுளம்புத்திரி வாங்கினார். அதற்கப்பால் சைக்கிளில் மீன்காரர் நின்றார். "சூடை இருக்கோ?" என்று இறங்காமலே கேட்டு வாங்கினார். வாய் கசக்குதாம், பொரித்த மீன் தின்னவேண்டும் போல கிடக்குதாம். வீட்டுப் படலையில் மாமா நின்றார். "வந்திட்டீரோ? நல்லது. இண்டைக்கு நாளைக்குள்ள கூடு கட்டத் தொடங்கும். இன்னும் ஒரு பிடி இலை வேணும்" என்றார். மாமி அவரைத் தாண்டி உள்ளே போனார். சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தார். விறாந்தையில் ஒரு திரி கொளுத்தினார். தன்னுடைய அறையில் ஒன்று, என் அறையில் ஒன்று. கடைசித் திரியைக் கொளுத்திக்கொண்டு, திறந்து கிடந்த புழு அறைக்குள் போய், மேசைக்குக் கீழே, அந்தத் தண்ணீர்க் கிண்ணங்களுக்கு நடுவில் வைத்தார்.

"இஞ்சேரும்! என்ன செய்யிறீர்? அதுகள் செத்துப்போம்!"

"சாகட்டும்" என்றார் மாமி. "நான் சாகேல்லை."

அந்த வீட்டில் மாமி குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். உயர்த்தினார் என்றும் சொல்ல ஏலாது, கப்பல் ஊதாத நேரத்தில் பேசினார், அவ்வளவுதான். பிறகு குசினிக்குள் போய்த் தாச்சியை வைத்து எண்ணெய் விட்டார். மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டிய சூடையைப் போட்டதும் எழும்பிய வாசம், எத்தனையோ நாளுக்குப் பிறகு, வீடு முழுக்கப் பரவியது. நான் புழு அறை வாசலில் நின்று பார்த்தேன். விரல் மொத்தப் புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டின, முறுகின, வாயால் பச்சைத் தண்ணீர் கக்கின. தின்றுகொண்டிருந்த இலைகளின் மேலேயே விழுந்து கிடந்து துடித்தன. அவற்றைப் பார்க்க எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது. அவை ஒரு பாவமும் அறியாதவை. மாமா சுளகைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார், அழுவார், கத்துவார், மாமியை அடிக்கக் கை ஓங்கினால் மறிக்கவேண்டும் என்று ஆயத்தமாக நின்றேன்.

மாமா சுளகைப் பார்த்தார். மூக்கு விரிந்தது. திரும்பிக் குசினிப் பக்கம் பார்த்தார். பிறகு சாப்பாட்டு மேசைக்குப் போய், கதிரையை இழுத்து உட்கார்ந்து, தலையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். மாமி சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு மீன் வைத்தார். மாமா மீனின் ஓரத்தைப் பிடித்துக் கடித்தார், மேலிருந்து கீழே, முள்ளை மட்டும் மிச்சம் விட்டு. அறைக்குள் அவருடைய பிள்ளைகள் துடித்துக்கொண்டிருந்தன. "இன்னொண்டு போடும்" என்றார். அன்றைக்கு அவர் அந்தக் கோப்பையைத் தள்ளி வைத்திருந்தால், அந்தப் புழுக்களுக்காகவாவது ஒரு நேரம் பட்டினி கிடந்திருந்தால், நான் அவரை மன்னித்திருப்பேன். ஒன்றின் மேலாவது இந்த மனுஷனுக்கு அன்பு இருந்தது என்று ஆறுதல்பட்டிருப்பேன். சீ! அதுவும் இல்லை. அவர் மூன்றாவது மீனும் கேட்டார்.

நான் கலியாணம் முடித்துத் தம்பலகாமத்துக்கு வந்தபோது மாமி அந்தச் சுளகைக் கழுவி எனக்குத் தந்தார். தன் கண் முன்னே இருக்கவேண்டாம் என்று நினைத்தாரோ தெரியாது. இரண்டு பேரும் இன்னும் இருக்கிறார்கள். போன பொங்கலுக்கு அடுத்த நாள் இங்கே வந்திருந்தார்கள். மாமிக்குச் சும்மா இருக்க ஏலாது, சுவரிலிருந்து சுளகை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கிவிட்டார். அதைக் கண்டதும் மாமாவுக்கு வாய் திறந்தது. என் வீட்டுக்காரரை இருத்திவைத்து, பட்டுப்புழு இலையை எங்கே பிடிக்கும், எந்தப் பக்கம் தொடங்கும், தின்னும் சத்தம் எப்படி மழை போல இருக்கும் என்று முழுக் கதையும் சொன்னார். "உயிரைக் குடுத்து வளர்த்தனான், தம்பி. கடைசி நேரத்தில ஏதோ வருத்தம் வந்து எல்லாம் செத்துப்போட்டுது" என்று முடித்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன்.

மாமி புடைப்பதை நிறுத்தவில்லை. கறை மேல் அரிசி எழும்பி எழும்பி விழுந்தது. உமியை ஒதுக்கிவிட்டுச் சுளகைக் கீழே வைத்தார், எழும்பினார், அடுப்படிக்குப் போனார். அங்கிருந்தபடியே, "இஞ்சேருங்கோ, இன்னொரு மீன் போடட்டோ?" என்று கேட்டார்.

மாமா தலையைத் தூக்கினார். "ஓம், போடும்."